பதினைந்து வயதில் பூச்சிப்பல்

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. பல்லைப் பற்றிய கவலையெல்லாம் பாட்டிமாருக்குத்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. 2002-03ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதத்தினரிடமும், 15 வயதினரில் 63.1 சதவீதத்தினரிடமும் பற்சொத்தை காணப்பட்டது. 40 பேர் கொண்ட ஒரு பத்தாம் வகுப்பில் ஏறக்குறைய 25 பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பூச்சிப்பல் என்று சொன்னாலும் பல்லில் பூச்சி எதுவும் இல்லை. நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவையும் உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையான எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தை மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. இதற்குச் சற்று நேரம் வேண்டும். ஆகவே எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைவிட, எத்தனை முறை தின்றோம் என்பதே முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பதைவிட, மணிக்கொரு மிட்டாய் சுவைப்பது கேடு அதிகம்.

நம் வயதில் ஆபத்து மிகுவதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது கடைவாய்ப் பற்கள் 12 வயதை ஒட்டித்தான் முளைக்கின்றன. புதிய பல்லின் எனாமல் முழுமையாக உறுதிப்பட்டிருக்காது. அதன் பள்ளங்களில் பிரஷ் எளிதில் நுழையாது. பள்ளிக்கூட வாசலில் தின்பண்டம் வாங்கத் தொடங்குவதும் அப்பருவத்தில்தான். பால் பல் விழுந்தால் வேறு பல் முளைக்கும். இந்தப் பல் போனால் போனதுதான்.

பொதுமக்களின் பல்லைக் காக்கத் திட்டமிடுவோர் முதலில் எண்ணிக்கை எடுக்கின்றனர். 1938இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட முறைப்படி சொத்தையான பல், சொத்தையால் இழந்த பல், அடைத்த பல் ஆகிய மூன்றையும் கூட்டுவார்கள். ஓர் ஊரில் ஒரு சிறுமிக்குச் சொத்தை 3. வேறோர் ஊரில் மற்றொருத்திக்கு அடைத்த பல் 3. இருவருக்கும் கூட்டுத்தொகை ஒன்றே. ஆனால் முதல் ஊரில் மருத்துவ உதவி கிட்டவில்லை என்பதும், இரண்டாம் ஊரில் கிட்டியது என்பதும் அந்த எண்களிலேயே தெரிந்துவிடும். மருத்துவரை எங்கே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய இக்கணக்கு உதவுகிறது.

நியூசிலாந்து நாடு 1921இலேயே பெண்களுக்குப் பயிற்சி அளித்துப் பள்ளிப் பல் செவிலியராக்கியது. அவர்கள் பள்ளிகளிலேயே பிள்ளைகளின் பற்களைச் சோதித்து அடைத்தார்கள். பின்னர் இலங்கையும் இம்முறையைப் பின்பற்றியது.

அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1945ஆம் ஆண்டு குடிநீரில் சிறிதளவு ஃபுளூரைடு கலந்தனர். அங்கே பிள்ளைகளின் சொத்தை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளூரைடு அளவுக்கு மிஞ்சி இருந்ததால் பிள்ளைகளின் பற்கள் கறை படிந்தன. அதைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எனவே ஒவ்வோர் ஊரின் தண்ணீரையும் சோதித்த பிறகே திட்டமிட வேண்டும்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களைச் சோதிக்க மத்திய அரசு 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் பற்சோதனையும் அடங்கும். சோதித்துப் பெயரை எழுதிக்கொள்வதோடு வேலை முடிந்துவிடாது. சொத்தை உள்ளவளின் பெற்றோருக்குக் கடிதம் போக வேண்டும். அவள் பல்லை அடைத்துக்கொண்டாளா என்று மறுபடியும் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். "வலி வரட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். வலிக்கும்போது பெரும்பாலும் சொத்தை பல்லின் உள்ளே நரம்புவரை எட்டியிருக்கும். முன்னமே போனால் சிறிது அடைத்தால் போதும். பிந்தினால் வேர் சிகிச்சை, அதுவும் முடியாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். ஒரு கிராம்பை வைத்துக்கொண்டு தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் வலி மட்டுமே அடங்கும், சொத்தை அடங்காது.

தோழியரே! காலையிலும் இரவிலும் ஃபுளூரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குவோம். இரவில் துலக்கிய பின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். இடைவேளையில் மிட்டாய்க்குப் பதில் ஒரு கொய்யாப்பழமோ வேர்க்கடலையோ தின்போம். வருமுன் காப்பதே அறிவுடைமை.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு