மீதேன் சட்டமும் எண்ணெய்ச் சுத்தி ஆலைகளும்

எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில்களில் வெளியேறும் மீதேன் வாயுவை அடக்குவதற்காக ஐரோப்பிய யூனியன் இயற்றிய சட்டம் 2024-ம் வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி அமலுக்கு வந்தது. நமது தேசத்து எண்ணெய்ச் சுத்தி ஆலைகளை அது நேரே தொடவில்லை. ஆயினும் அதை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

இருபது வருஷக் கணக்கில் பார்த்தால், மீதேன் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் உஷ்ணத்தைப் பிடித்து வைக்கிறது. ஆகாயத்தில் அது சுமார் 12 வருஷமே தங்குவதால், கசிவை அடைத்தால் பலன் விரைவில் தெரியும். கசிவதோ விலைபோகும் சரக்கு. ஆகவே சட்டத்தின் நோக்கத்தில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆட்சேபமெல்லாம் அதன் அமைப்பைப் பற்றியதே.

இச்சட்டம் ஐரோப்பியக் கிணறுகளோடு நிற்கவில்லை. இறக்குமதியாகும் கச்சா எண்ணெய் எந்தக் கிணற்றில் எடுக்கப்பட்டதோ, அங்கே மீதேனை அளந்து கணக்கு வைக்கும் முறை தங்கள் முறைக்குச் சமானமானது என்று 2027 ஜனவரி முதல் ருஜுப்பிக்க வேண்டுமென அது இறக்குமதியாளரைக் கட்டாயப்படுத்துகிறது. தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்நியரிடமிருந்தே ஐரோப்பா வாங்குகிறது. பல கிணறுகளின் எண்ணெய் குழாயிலும் துறைமுகத் தொட்டியிலும் கலந்தே கப்பலேறுகிறது. அதில் ஒரு பீப்பாய் எந்தக் கிணற்றினது என்று ஆலைக்காரர் எவ்வாறு சாட்சியம் சொல்வார்? சுத்தி ஆலையிலிருந்து வெளியேறும் மீதேன், கிணறுகளில் வெளியேறுவதை நோக்கச் சொற்பம். ஆனாலும் கிணற்றுக்காரர் செய்யும் குற்றத்துக்கு ஆலைக்காரர் ஜாமீன் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இறக்குமதி ஷரத்துக்கள் கச்சா எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகிய மூன்றையே குறிக்கின்றன. அதே கச்சா எண்ணெயை ஜாம்நகரில் சுத்தி செய்து டீசலாக அனுப்பினால் இந்தக் கேள்விகள் எழுவதில்லை. இதை நமக்கு லாபமென்று எண்ணிச் சிலர் மகிழக்கூடும். தங்கள் ஆலைகள் மட்டும் சுமை தாங்குவதை ஐரோப்பிய முதலாளிகள் எத்தனை காலம் பொறுப்பார்கள்? டீசலையும் சேர்த்துவிட ஒரு திருத்தம் போதும்.

அமெரிக்காவின் கதை வேறு. மீதேன் கசிவுக்கு டன்னுக்கு 900 டாலரில் தொடங்கும் கட்டணத்தை 2022-ல் விதித்த காங்கிரஸ் சபையே, 2025-ல் அதை 2034 வரை ஒத்திப்போட்டது. பெரிய உற்பத்தியாளர் தமக்குத் தாமே தவணை கொடுத்துக்கொள்ளலாம் போலும்!

2021-ல் கிளாஸ்கோவில் பிரகடனமான மீதேன் பிரதிக்ஞையில் இந்தியா சேரவில்லை. நெல் வயலையும் மாட்டுத் தொழுவத்தையும் நம்பிய குடியானவரை எண்ணும்போது அம்முடிவு தகுந்ததே. ஆனால் குடியானவருக்குரிய சலுகையை எண்ணெய்க் கம்பெனிகள் கோருவது நியாயமன்று. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் விலைக்கு வாங்கும் நாம், விற்பவரிடம் மீதேன் கணக்குக் கேட்கப் பூரண பாத்தியதை உடையவர்கள். அக்கணக்கின் முறையை டில்லி சர்க்கார் இப்பொழுதே வகுத்தால், நாளை ஐரோப்பாவுடன் சமானம் பேசுகையில் நம் கையிலும் ஒரு தஸ்தாவேஜு இருக்கும்.