உங்களுக்குத் தெரியுமா? காப்பாற்றப் போனவருக்கே கண்டம்!

விபத்து நடந்த இடத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. இறங்குகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? அடிபட்டவரை என்கிறீர்களா? தப்பு! மேலே மின்கம்பி, கீழே பெட்ரோல், பின்னால் சீறி வரும் லாரி. அதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஆள்!

தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களில் நடக்கும் சாவுகளை அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அலசி, 1986-ல் ஒரு கணக்கு சொன்னது. இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், காப்பாற்ற இறங்கியவர்கள்!

சாக்கடைக் குழியில் வீசிய அழுகிய முட்டை நாற்றம் சட்டென நின்றுவிட்டதா? நிம்மதி வேண்டாம். வாயு போகவில்லை, உங்கள் மூக்குதான் போய்விட்டது! 10 லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். 1,000 பங்கு என்றால்? ஓரிரு மூச்சு, ஆள் காலி!

இப்போது சொல்லப்போவதுதான் இந்த வார ஜாக்பாட்! 1995 மார்ச் 20. டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் விஷம். உதவிக்கு ஓடிய தீயணைப்புத் துறையினர் 1,364 பேரில் 135 பேருக்கு விஷ அறிகுறி! சரி, அவர்கள் சம்பவ இடத்துக்கே போனவர்கள். நோயாளிகள் வந்து குவிந்த செயின்ட் லூக் மருத்துவமனையை விட்டு நகராதவர்கள்? அங்கும் ஊழியர்களில் கால்வாசிப் பேருக்குக் கண் மங்கல், தலைவலி! நோயாளிகளின் உடுப்பிலிருந்தே விஷம் ஆவியாகி வந்தது. கூட்டம் தாங்காமல் அங்குள்ள தேவாலயத்திலும் நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். காற்றோட்டம் இல்லாத அந்த இடத்தில் பணியாற்றியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாதிப்பு!

உடுப்பு என்றதும் இன்னொன்று. 1986-ல் செர்னோபில் அணு உலைத் தீயை அணைத்த வீரர்களின் சட்டையும் பூட்ஸும் பிரிப்யாட் மருத்துவமனையின் நிலவறையில் வீசப்பட்டன. 30 ஆண்டு கழித்தும் அவற்றில் கதிர்வீச்சு!

டேங்கர் லாரியின் மேல் 1203 என்று இருக்கிறதா? உள்ளே பெட்ரோல்! 1075? சமையல் எரிவாயு! நாலே நாலு இலக்கம், உலகம் முழுக்க ஒரே அர்த்தம்!

அந்த லாரி கவிழ்ந்தால் எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது? கையை நீட்டுங்கள். கட்டை விரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். விரலுக்குப் பின்னால் லாரி முழுசாக மறையவில்லையா? இன்னும் பின்னே போங்கள்!

அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் எட்டு வைத்து நடந்தாலே ஷாக்! இரண்டு பாதத்துக்கும் நடுவே மின்சாரம் பாயும். கால்களை ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்தபடியே விலக வேண்டும். முன்காலும் பின்காலும் தள்ளியிருக்கும் மாடு, பாவம், என்ன செய்யும்!

மோதலில் விரியாமல் தப்பிய ஏர்பேக், மீட்பவரின் முகத்தில் வெடிக்கலாம்! டிரைவர் பக்கம் 10 அங்குலம், பக்கத்து சீட்டில் 20 அங்குலம் ஒதுங்கியே வேலை பார்ப்பார்கள்.

மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயரா? கத்தரியைக் கீழே போடுங்கள். அதில்தான் உயர் மின்னழுத்தம்!

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்குமா? அடிக்கவே அடிக்காது! பயம் அடுத்த மின்னலுக்குத்தான். மின்னலில் பலர் ஒன்றாக விழுந்து கிடந்தால் வழக்கமான மீட்பு விதியே தலைகீழ். முனகுகிறவர் காத்திருக்கலாம், பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவருக்குத்தான் முதல் கவனிப்பு!