பக்கத்துல இருங்க, நானே பண்றேன்

இன்னைக்கு எபிசோட் கொல்லிமலையில ஆரம்பிக்குது.

காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல போக 70 கொண்டை ஊசி வளைவு. எங்க டீம் சீனியர் அக்கா சாவியை என் கையில கொடுத்துட்டாங்க. "சென்னை டிராஃபிக்ல ஓட்டுறவன்தானே? ஓட்டு, நான் பக்கத்துல இருக்கேன்."

"செகண்ட் கியர்... ஹாரன் அடி... மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, பதறாதே." ஒவ்வொரு வளைவுக்கும் இப்படிச் சொல்லிட்டே வந்தாங்க. பாதி மலைக்கு மேல பேச்சையே நிறுத்திட்டாங்க. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

செம்மேட்டுல டீ குடிக்கும்போதுதான், 2 வருஷமா மறைச்சதைச் சொன்னேன். ஒரு அப்டேட் குவெரியில 'வேர்' கண்டிஷனை விட்டுட்டேன். டேபிள் மொத்தமும் மாறிப்போச்சு. பேக்கப்ல இருந்து மீட்க விடிஞ்சிடுச்சு. யாரும் திட்டல. ஆனா அதுக்கப்புறம் புரொடக்‌ஷன் வேலைன்னாலே எனக்குக் கை நடுங்கும். "நீ பண்ணிடேன், நான் டெஸ்ட் எழுதுறேன்"னு யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடுவேன்.

இது ஏன் தப்புன்னா, தள்ளிவிட்ட உடனே ஒரு நிம்மதி வரும். 'தப்பிச்சதாலதான் ஒண்ணும் ஆகல'ன்னு மூளை அந்த நிம்மதியை வெச்சே கத்துக்கும். அதனால அடுத்த முறை பயம் இன்னும் பெருசாகும். 1958-ல் ஜோசஃப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் இதற்கு ஒரு வழியை எழுதினார்: பயத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, மனதை அமைதியாக வைத்தபடி, எளிதான படியில் இருந்து ஏறுவது.

அப்போ உதவி கேட்கறதும் தப்பிக்கிறதுதானா? அது எப்படிக் கேட்கறோம்ங்கிறதைப் பொறுத்தது. "நீங்களே பண்ணிடுங்க"ன்னா தப்பிக்கிறது. "பக்கத்துல இருங்க, நான் பண்றேன்"னா கத்துக்கிறது.

மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகம் இருந்தது! அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்லப் பயமில்லை என்பதே காரணம் என்று அவர் கருதினார். 1999-ல் வந்த அவருடைய கட்டுரை, 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தைப் பரவலாக்கியது.

மலையில இருந்து இறங்குறதுக்குள்ள நாங்க ஒரு பிளான் போட்டோம். முதல் வாரம் அவங்க பண்றதை நான் பார்க்கணும். அடுத்து ஸ்டேஜிங்ல நான் பண்ணணும். அதுக்கப்புறம் புரொடக்‌ஷன். அவங்க ஸ்கிரீனைப் பார்ப்பாங்க, கீபோர்டைத் தொட மாட்டாங்க. முதல்ல 'செலக்ட்' போட்டு எத்தனை வரி மாறப்போகுதுன்னு எண்ணணும். டிரான்சாக்‌ஷனுக்குள்ள அப்டேட் பண்ணணும். எண்ணிக்கை ஒத்துப்போனா கமிட், இல்லைன்னா ரோல்பேக்.

போன மாசம் முதல் முறையா புரொடக்‌ஷன்ல பண்ணேன். 'செலக்ட்'ல 214 வரி, அப்டேட்லயும் 214. கமிட் அடிக்கும்போதும் கை நடுங்குச்சு. அக்கா ஒரு வார்த்தை பேசல.

பயம் உங்க தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போனா, சீனியர் மட்டும் போதாது. 14416, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம்.

நாளைக்கு ஆபீஸ்ல நீங்க யார்கிட்ட "பக்கத்துல இருங்க"ன்னு கேட்கப்போறீங்க? அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!