தலைவலி என்றால் நடிப்பா?

‘டெஸ்ட் வந்தா உனக்குத் தலைவலியும் வந்துடுமே!’ என்று குழந்தையைக் கேலி செய்யாதீர்கள், சகோதரிகளே. ஒற்றைத் தலைவலி பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரும். பெயர்தான் ஒற்றை, குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நெற்றி முழுக்க வலிக்கும். வாந்தி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது.

டாக்டரிடம் காட்டிய கையோடு வகுப்பு டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். மாத்திரையின் பெயர், அளவு, டாக்டர் சீட்டின் நகல் எல்லாம் அதோடு இருக்கட்டும். வலி ஆரம்பிக்கும்போதே மாத்திரை போட்டு, இருட்டான அறையில் படுத்தால் சீக்கிரம் அடங்கும். முற்றிவிட்டால் மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. ஆஸ்பிரின் மட்டும் நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

வகுப்பில் எழுந்து சொல்ல என் மகளுக்குக் கூச்சம். வலித்தால் மேஜை மேல் சிவப்புப் பென்சிலை வைப்பாள், டீச்சர் புரிந்துகொள்வார்.

வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். தண்ணீர் பாட்டில் காலியாகத் திரும்பி வரணும். இரவு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். வலி வந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். காரணம் தானே பிடிபடும்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஜுரத்தோடு கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பின் வரும் வலி - இவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மற்ற நாட்களில், ‘வலிக்குதும்மா’ என்றால் முதலில் நம்புங்கள். நீங்கள் நம்பினால்தான் டீச்சரும் நம்புவார்.