ஒழுகும் பொதுப் பைப்பை நாமே திருத்துவோம்

முகாமிலும் மீள்குடியேறிய கிராமத்திலும் பல குடும்பங்களுக்கு ஒரே பைப்தான். அது ஒழுகத் தொடங்கினால், யாராவது வந்து திருத்துவார்கள் என்று எல்லோரும் காத்திருக்கிறோம். இரவு முழுவதும் ஒழுகித் தாங்கி வற்றிவிடுகிறது. காலையில் வரிசையின் கடைசியில் நிற்பவரின் குடம் நிரம்புவதில்லை. சச்சரவும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒழுக்கை அளந்து பார்ப்போம். பைப்பின் கீழ் ஒரு லீற்றர் போத்தலை வைப்போம். அது 10 நிமிடத்தில் நிரம்பினால், ஒரு நாளில் 144 லீற்றர் வீணாகிறது. இடம்பெயர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் வேண்டும் என்கிறது சர்வதேச நிவாரண அளவுகோலான ஸ்பியர் கைந்நூல். அப்படியானால் 9 பேருடைய பங்கு நிலத்தில் ஊறிப்போகிறது.

எங்கே ஒழுகுகிறது?

1. இறுக மூடியும் வாயால் சொட்டினால், உள்ளேயுள்ள இறப்பர் வாசர் தேய்ந்துவிட்டது.
2. திறக்கும்போது கைபிடியின் அடியில் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்துவிட்டது.
3. பைப் குழாயுடன் பொருந்தும் இடத்தில் கசிந்தால், புரியில் சுற்றிய நாடா பழுதாகிவிட்டது.

வாசர் மாற்றும் முறை

தேவையானவை இரண்டு ஸ்பனரும் அதே அளவான புதிய வாசரும். பழைய வாசரைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

• தாங்கியின் வால்வை மூடி, பைப்பைத் திறந்து குழாயில் உள்ள நீரை வடியவிட வேண்டும்.
• ஒரு ஸ்பனரால் பைப்பின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். பிடிக்காமல் திருகினால் பிளாஸ்ரிக் குழாய் முறிந்துவிடும்.
• உள்ளே நுனியில் இருக்கும் பழைய வாசரை எடுத்துப் புதியதைப் போட வேண்டும்.
• வாசர் அமரும் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, மணலைத் துடைக்க வேண்டும். விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய வாசரும் நிலைக்காது. அப்போது பைப்பையே மாற்றவேண்டும்.
• கைபிடியைத் திறந்த நிலையில் வைத்தே மேல் நட்டை இறுக்க வேண்டும். பின்பு வால்வை மெதுவாகத் திறந்து, மணல் போகுமட்டும் சிறிது நீரை ஓடவிட வேண்டும்.

கடை தொலைவென்றால், பழைய ரியூப்பில் வட்டமாக வெட்டிய துண்டு சில நாட்களுக்குத் தாங்கும்.

தண்டடியில் கசிந்தால், அங்குள்ள சிறிய நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். பொருந்தும் இடத்தில் கசிந்தால், நீரை மூடிப் பைப்பைக் கழற்றிப் புரியைத் துடைத்து, புதிய வெள்ளை நாடாவைப் பைப் திருகும் திசையிலேயே சுற்றிப் பூட்டவேண்டும். கைபிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடும் வகைப் பைப்பில் இந்த வாசர் இல்லை. அது பழுதானால் முழுவதையும் மாற்றுவதே வழி.

நிலத்தடிக் குழாயையோ மீற்றருக்கு முன்னாலுள்ள பகுதியையோ நாம் தொடக்கூடாது. அதை நீர் வழங்கும் சபைக்கு அறிவிக்கவேண்டும்.

மீண்டும் பழுதாகாதிருக்க

நீர் நின்றவுடன் திருகுவதை நிறுத்த வேண்டும். மேலும் இறுக்குவதாலேயே வாசர் நசிகிறது. வாளியைப் பைப்பில் தொங்கவிடக்கூடாது. நிற்கும் குழாயை ஒரு கட்டையுடன் சேர்த்துக் கட்டினால் ஆடாது. சிந்தும் நீருக்கு வாய்க்கால் வெட்டி ஒரு வாழையடிக்கு விட்டால், சேறும் நுளம்பும் குறையும், குலையும் கிடைக்கும்.

ஒவ்வொரு பைப்புக்கும் இரண்டு பேரைப் பொறுப்பாக்குவோம். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பைப்படியில் அதிக நேரம் நிற்பவர்கள் பெண்களே. வீட்டுக்குச் சிறு தொகை சேர்த்தால் இரண்டு ஸ்பனரும் சில வாசர்களும் ஒரு சுருள் நாடாவும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வரம்பு உடைந்தால் விடியுமட்டும் காத்திராமல் மண்வெட்டியுடன் ஓடியவர்கள் நாம். இந்தப் பைப்பும் நம்முடைய வரம்புதான்.