தாமே கட்டும் இலகு வானூர்திகளின் சான்றிதழ் வகைகள்

தாமே கட்டும் இலகு வானூர்தி என்பது, தொழிற்சாலையில் முழுமையாக உருவாக்கப்படாமல், தனியாள் ஒருவரோ சிறு குழுவோ வரைபடங்களைக் கொண்டு அல்லது விலைக்கு வாங்கிய பாகத்தொகுதியைக் கொண்டு கட்டும் சிறிய வானூர்தி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய வானூர்திகளுக்குக் கூட்டரசு வான்போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ.) பறப்புத் தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. சான்றிதழை எந்த வகையில் பெறுவது என்பதைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே தீர்மானிப்பது அவசியம். வானூர்தி எவ்வாறு கட்டப்பட்டது, யாரால் கட்டப்பட்டது என்பனவே அதன் வகையை நிர்ணயிக்கின்றன. கட்டி முடித்தபின் அவற்றை மாற்றவியலாது.

முதன்மையான வகைகள்

மீஇலகு ஊர்தி: 1982 இல் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பின் 103 ஆம் பகுதி இதனை வரையறுக்கிறது. ஒரே இருக்கை, 115 கிலோகிராமுக்குக் குறைந்த வெற்று எடை, 19 லீட்டருக்கு மேற்படாத எரிபொருள், மணிக்கு ஏறத்தாழ 102 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் ஆகியன இதன் எல்லைகளாகும். இதற்குப் பறப்புத் தகுதிச் சான்றிதழோ வானோட்டி உரிமமோ தேவையில்லை. ஆனால் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளின் மேல் பறக்கக் கூடாது.

சோதனை வகை, ஆர்வலர் கட்டியது: வானூர்தியின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் கட்டியவர்களுக்கு இது வழங்கப்படுகிறது. இது "51 விழுக்காட்டு விதி" என அறியப்படுகிறது. செலவிட்ட பணமோ நேரமோ அன்றி, செய்து முடித்த வேலைகளே இங்கு கணக்கிடப்படுகின்றன. இயந்திரம், உந்தி, சக்கரம் போன்றவற்றை வாங்கிப் பொருத்தலாம். கூலிக்கு ஆள் அமர்த்திச் செய்த வேலை ஆர்வலரின் பங்கில் சேராது. எனவே ஒளிப்படங்களுடன் கூடிய கட்டுமானக் குறிப்பேடு முக்கியமான சான்றாகும்.

சோதனை வகை, இலகு விளையாட்டு வானூர்தி: 2004 இல் உருவாக்கப்பட்டது. இங்கு 51 விழுக்காட்டு விதி இல்லை. மாறாக, உற்பத்தியாளர் வழங்கும் பாகத்தொகுதியை அவரது அறிவுறுத்தல்களின்படியே பொருத்த வேண்டும். சான்றிதழ் பெறும் முன் தம் விருப்பப்படி மாற்றங்கள் செய்யவியலாது.

தெரிவு செய்தல்

வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி-12 பாகத்தொகுதி இவ்விரு சோதனை வகைகளிலும் சான்றிதழ் பெறத்தக்கது. அறிவுறுத்தல்களை அப்படியே பின்பற்றுபவர் இலகு விளையாட்டு வகையைத் தெரிவு செய்யலாம். வேறு இயந்திரத்தையோ தாம் வடிவமைத்த கருவிப் பலகையையோ பொருத்த விரும்புபவர் ஆர்வலர் வகையையே நாட வேண்டும்.

ஆர்வலர் வகையில் சோதனைப் பறப்புக் காலம் வழமையாக 40 மணிநேரம் ஆகும். வகைச்சான்று பெற்ற இயந்திரமும் உந்தியும் சேர்ந்த அமைப்பாயின் 25 மணிநேரம். அண்மைக்காலத்தில், மணிநேரத்திற்குப் பதிலாகக் குறிப்பிட்ட சோதனைகளை முடிக்கும் முறையும் ஏற்கப்பட்டுள்ளது.

ஆண்டுதோறும் செய்யும் ஆய்வும் கருதத்தக்கது. ஆர்வலர் வகையில், கட்டியவர் இவ்வாய்வைச் செய்வதற்கான சான்றிதழைப் பெறலாம். அது அவருக்கே உரியது. வானூர்தியை விற்றால் வாங்கியவருக்கு மாறாது. இலகு விளையாட்டு வகையில், உரிமையாளர் எவரும் 16 மணிநேரப் பயிற்சி பெற்றுத் தம் வானூர்தியை ஆய்வு செய்யலாம்.

இரு வகைகளிலும் கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்ல இயலாது. தொழிற்சாலை வானூர்திகளுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இவ்வானூர்தி உட்பட்டதன்று என்னும் எச்சரிக்கையைப் பயணி காணுமாறு உள்ளே பொறிக்க வேண்டும்.

வானோட்டி உரிமமும் வானூர்தி வகையும்

இவை இரண்டும் வெவ்வேறானவை. விளையாட்டு வானோட்டி உரிமம் உடையவர் இலகு விளையாட்டு வகை வானூர்தியை மட்டுமே ஓட்டலாம் என்பது பரவலான தவறான கருத்து. உரிமத்தின் எல்லைகளுக்குள் அமைந்த ஆர்வலர் வகை வானூர்தியையும் அவர் ஓட்டலாம்.

2004 ஆம் ஆண்டு விதிகள் தரையில் இறங்கும் இலகு விளையாட்டு வானூர்தியின் எடையை 600 கிலோகிராமாகவும் இருக்கைகளை இரண்டாகவும் வரையறுத்தன. 2025 சூலையில் வெளியான விதித்திருத்தம் இந்த எடை வரம்பைக் கைவிட்டு, வானூர்தி தூக்குவிசையை இழக்கும் வேகத்தை அளவுகோலாகக் கொண்டது. வானோட்டிகளுக்கான பகுதி 2025 அக்டோபர் 22 இல் நடைமுறைக்கு வந்தது. வானூர்திச் சான்றிதழுக்கான பகுதிக்கு 2026 சூலை 24 ஆம் நாள் குறிக்கப்பட்டது.