கடலுக்குள் கால் ஊன்றாதீர்கள்

கழக்கூட்டத்தில் இருக்கிற நமக்குக் கடல் பக்கம்தான். தும்பாவுக்குப் போனால் கடற்கரை. ஆனால் அங்கே எங்கு பார்த்தாலும் மணல். தெற்கே கோவளம், விழிஞ்ஞம் போனால் பாறை இருக்கிறது. அங்கே சிலர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்குவார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்த்து எடுப்பார்கள். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டை இங்குள்ள மீனவர்கள் 'பாரு' என்பார்கள். பாரு இருந்தால் மீன் இருக்கும். இது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

அந்தப் பாறையில் அப்படி என்னதான் இருக்கிறது? அதைப் பார்ப்பதற்காகவே மக்கள் கடலில் இறங்கும் இடங்கள் உண்டு. அப்படி ஓர் இடம் இலங்கையில் இருக்கிறது. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி என்று ஓர் ஊர். கரையில் இருந்து சுமார் 1 கிலோமீட்டர் தள்ளி 2 சிறிய பாறைத் தீவுகள். அங்குள்ள தமிழர்கள் புறாமலை என்று சொல்கிறார்கள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுகின்றன. நம் ஊர்க் கோயில் கோபுரத்தில் இருக்கிறதே, அதே புறாதான்! 1963-இல் இந்தத் தீவு சரணாலயம் ஆனது. 2003-இல் தேசியப் பூங்கா ஆனது.

படகில் போய் இறங்குகிறோம். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி தருவார்கள். வாயில் கவ்வ ஒரு குழாய் தருவார்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதக்க வேண்டும். குழாயின் மேல்முனை தண்ணீருக்கு வெளியே இருக்கும். அதன் வழியாக மூச்சு விடலாம். இதற்கு ஸ்நார்க்கலிங் என்று பெயர்.

குழாய் ஒரு முழத்துக்கு மேல் இருக்காது. நீளமாக இருந்தால் இன்னும் ஆழத்துக்குப் போகலாமே என்று தோன்றும். முடியாது. ஆழத்தில் தண்ணீர் நெஞ்சை அழுத்தும். மூச்சை உள்ளே இழுக்க வராது. வெளியே விட்ட கெட்ட காற்றும் நீளக் குழாயிலேயே தங்கிவிடும்.

கண்ணாடி எதற்கு? வெறும் கண்ணால் பார்த்தால் தண்ணீருக்குள் எல்லாம் மங்கலாகத் தெரியும். கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்று இருந்தால் தெளிவாகத் தெரியும். ஆனால் மீன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால் அங்கே பார்த்த சுறாவின் நீளத்தை யாராவது சொன்னால், கொஞ்சம் குறைத்தே நம்புங்கள்.

ஆம், சுறா உண்டு. துடுப்பின் நுனி கறுப்பாக இருக்கும் சிறு சுறா. பெரும்பாலும் ஓர் ஆள் உயரம்கூட இராது. கூச்சம் உள்ளது. மனிதரைக் கண்டால் விலகிப் போகும். கடல் ஆமையும் வரும். அதைத் துரத்தக் கூடாது. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டும். நாம் சுற்றி வளைத்தால் அது எப்படி மேலே வரும்?

இனி முக்கியமான செய்தி. அடியில் கல் போலத் தெரிவது எல்லாம் கல் அல்ல. பல இடங்களில் அது பவளம். பவளம் ஓர் உயிர். கடுகு போன்ற சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து சுண்ணாம்பு வீடு கட்டி வாழ்கின்றன. உருண்டைப் பவளம் ஓர் ஆண்டில் ஒரு விரல் அகலம்கூட வளராது. ஒரு பானை அளவு வளரப் பல பத்து ஆண்டுகள் ஆகும். அதன் மேல் ஒருவர் கால் ஊன்றினால் மேல்தோல் நசுங்கிவிடும். கிளைப் பவளம் என்றால் ஒடிந்தே போகும். பவளம் போனால் அதில் ஒளிந்து வாழும் குஞ்சு மீன்களும் போகும். பிறகு மீனவர் வலைக்கு என்ன வரும்?

வேண்டும் என்று யாரும் மிதிப்பதில்லை. நீந்தத் தெரியாதவர் பயந்துபோய் நிற்கப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மிதவைச் சட்டை போடாமல் அவரை இறக்கியதுதான் தவறு என்பது என் கருத்து. சட்டை போட்டால் உயிரும் பிழைக்கும், பவளமும் பிழைக்கும்.

கரையிலும் பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும். குழந்தைகள் கேட்டாலும் எடுத்து வரக் கூடாது. இந்தியாவிலும் 2001 முதல் பவளப்பாறைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

புறாமலைக்கு மே முதல் செப்டம்பர் வரை போகலாம். அப்போது அங்கே கடல் அமைதியாக இருக்கும். அக்டோபரில் வாடைமழை தொடங்கினால் அலை எழும். நம் கோவளத்தில் இது நேர்மாறு. ஜூன், ஜூலையில் இங்கே கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கும். டிசம்பரில் இருந்து பிப்ரவரி வரை பாருங்கள். கரையில் நிற்கும் உயிர்காப்பாளரிடம் கேட்ட பிறகே இறங்குங்கள்.